கடுக்காய்ச் சாறு கறுத்தது

துருகம் சாலையில் உரக்கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகத்தான் வருவார்கள். ஒன்று, பார்த்து வைத்த மாப்பிள்ளையின் யோக்கியதையை விசாரிக்க. இன்னொன்று, காணாமல்போன டிராக்டரைத் தேட. அதனால் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்து மேசைமேல் வைத்து, "இது என்னோடதுன்னு நிரூபிக்கணும் சார்" என்றபோது அங்கே உதவியாளராக இருந்த டயானாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். அழுது முடித்து, அதற்குமேல் அழ ஒன்றுமில்லாத முகம்.

இளஞ்செழியன் கடுக்காயை எடுத்து விரலால் உருட்டினார். தடய அறிவியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கே பிடிக்காமல் வெளியே வந்து இந்தப் புலனாய்வு அலுவலகத்தைத் தொடங்கியவர். நாற்பதைத் தொடவில்லை. அளந்துதான் பேசுவார். அவர் பேசாததையும் சேர்த்து டயானா பேசிவிடுவாள். சட்டம் படித்தவள், நைனார்பாளையத்துக்காரி. அநியாயம் என்று ஒன்று காதில் விழுந்தால் அவளுக்கு அன்று சோறு இறங்காது.

"பேரு?" என்றார்.

"தமிழ்மொழி சார். கோமுகி பல்கலைக்கழகத்துல வேதியியல் ஆராய்ச்சி மாணவி. ஊரு கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்கு இன்னும் மேல."

"சொல்லுங்க."

"எங்க ஊருக்கு ஒரு போர் போட்டாங்க. அந்தத் தண்ணில டீ போட்டா மை மாதிரி வரும். பேய் புடிச்ச தண்ணின்னு ஊர்ல பேசிக்கினாங்க. படிக்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, தண்ணில இரும்பு ஜாஸ்தி. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா கறுப்பாயிடும். டீத்தூள்ல துவர்ப்பு இருக்குது இல்லையா, அதான்."

"கடுக்காய்ல அதைவிட ஜாஸ்தி" என்றார் இளஞ்செழியன்.

"ஆமாம் சார். கடுக்காய்ச் சாறுல தாளை நனைச்சுக் காயவெச்சா, ஒரு துண்டைத் தண்ணில விட்டுப் பாத்தா போதும். நல்ல தண்ணின்னா மஞ்சளாவே இருக்கும். இரும்பு இருந்தா கறுத்துடும். மிஷின் வேணாம், கரண்டு வேணாம். எந்த மலைக் கிராமத்துலயும் யாரும் பாத்துக்கலாம். மூணு வருஷமா இதான் என் வேலை."

"இப்ப அது யாரோடது?"

தமிழ்மொழி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"துறைத் தலைவர் சிவசங்கர் சார்தான் என் வழிகாட்டி. செய்முறையை எழுதி அவர்கிட்டதான் குடுத்தேன். மாநில விருதுக்கு அனுப்பியிருக்காரு. அவர் பேரு, உதவிப் பேராசிரியர் அறிவுச்செல்வன் சார் பேரு. என் பேரு இல்ல. போய்க் கேட்டேன். 'டிகிரி வருதுல்லம்மா, பேரு எதுக்கு உனக்கு'ன்னாரு. மறுநாளே ஆய்வகத்துப் பக்கம் வராதேன்னுட்டாரு."

"அடப்பாவி!" என்றாள் டயானா.

"அதோட விட்டிருந்தா இங்க வந்திருக்க மாட்டேன்கா. போன வியாழக்கிழமை விருதுக்குழு வந்துச்சு. அவங்க எதிர்லயே புதுசா தாள் செஞ்சு காட்டறதா ஏற்பாடு. நான் செஞ்சு வெச்சிருந்த தாளெல்லாம் விருதுக்கு அனுப்பியே தீந்துபோச்சு. முந்தின நாள் சாயங்காலம் சாறு ஊறவெச்சு அலமாரியில பூட்டியிருக்காங்க. காலைல எல்லார் முன்னாலயும் குப்பியைத் திறந்தா உள்ள கன்னங்கரேல்னு இருந்திருக்குது. அந்தச் சாறுல தாளை நனைச்சா தாளே கறுப்பு. அதுல எந்தத் தண்ணியைச் சோதிக்கறது? விருதுக்குழு டீகூடக் குடிக்காம கிளம்பிப் போயிட்டாங்க."

"பழி உங்க மேல."

"நான்தான் பொறாமையில அன்னபேதி உப்பைக் கொட்டிட்டேனாம். அது இரும்பு உப்பு. சோதனைத் தண்ணி தயாரிக்க என் மேசையில எப்பவும் ஒரு பாட்டில் இருக்கும். அந்தச் சாயங்காலம் என் சாமானை எடுக்கறதுக்கு உள்ள போனேன். ராதிகா அக்கா, ஆய்வக உதவியாளர், அவங்க பாத்திருக்காங்க. அலமாரிச் சாவி ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு, திருப்பிக் குடுக்கல. எல்லாம் எனக்கு எதிராத்தான் சார் இருக்கு. நாளைக்கு மதியம் விசாரணை. என் ஆராய்ச்சிப் பதிவை ரத்து பண்ணிடுவாங்க. மலையில இருந்து இந்தப் படிப்புக்கு இறங்கி வந்தவ நான் ஒருத்தி. வெறுங்கையோட ஏறிப் போவணும்."

இளஞ்செழியன் கடுக்காயை மேசைமேல் வைத்தார்.

"இதை எப்படிப் பொடியாக்குவீங்க?"

அவளுக்குக் கேள்வி விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். "உடைச்சு, கொட்டையை எடுத்துட்டு, தோலை நுணுக்கி..."

"உடைக்கறதுன்னா?"

"உடைக்கறதுதான் சார்." ஒரு பந்தைப் பிடித்தாற்போல் விரல்களை வளைத்துக் கையை உயர்த்தி, மேசைமேல் இறக்கிக் காட்டினாள். "வூட்ல எங்க அம்மா பண்றதுதான். எழுதிக் குடுத்ததும் அதேதான். 'கடுக்காயை உடைத்து, கொட்டையை நீக்கி, தோலைப் பொடியாக்கவும்.' அவ்ளோதான்."

"நீங்க செஞ்ச பொடி கைவசம் இருக்கா?"

சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள். திறந்து பார்த்து, மூடி, தன் பையில் போட்டுக்கொண்டார்.

"டயானா, விசாரணையில இவங்க சார்பா யாராவது பேசலாமா?"

"பல்கலைக்கழக விதியிலயே இருக்கு சார். துணைக்கு ஒரு ஆள் வரலாம். விசாரணைக்கு முன்னால இடத்தைப் பாக்கவும் விடணும். பதிவாளருக்கு இப்பவே போன் போடறேன். முடியாதுன்னு சொல்லட்டும், அப்புறம் இருக்கு!"

முடியாது என்று பதிவாளர் சொல்லவில்லை. அது டயானாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அன்று பிற்பகல் வேதியியல் துறைக் கட்டடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கண்ணாடி போட்ட ஒரு பலகை. மேலே தங்க எழுத்தில் ‘துறைச் செய்திகளும் சாதனைகளும்'. யாரோ வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்தது, யாரோ தகுதித் தேர்வில் தேறியது, சிறந்த துறைக்கான கேடயம். நடுநாயகமாக ஒரு பெரிய வண்ணப் படம். வெள்ளைக் கோட்டு அணிந்த சிவசங்கர் மஞ்சள் தாள் ஒன்றை உயர்த்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் ஒல்லியாக அறிவுச்செல்வன். ‘மலைவாழ் மக்களின் குடிநீர் காக்கும் அரிய கண்டுபிடிப்பு' என்று கீழே அச்சடித்திருந்தது.

டயானா கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தாள். படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அதற்குக் கீழே பச்சைக் கண்ணாடி வளையல்கள். அவ்வளவுதான். மீதி ஆளைக் கத்தரித்துவிட்டிருந்தார்கள்.

காலையில் மேசைமேல் கடுக்காயை வைத்த கையில் இதே வளையல்களைப் பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது.

"சார், ஒரு ஆளை வெட்டினவங்க முழங்கையையும் சேத்து வெட்டியிருக்கக் கூடாதா? அதுக்குக்கூட அக்கறை இல்ல பாருங்க!"

"அக்கறை இல்லாதவங்க எங்கயாவது மாட்டுவாங்க" என்றார் இளஞ்செழியன். "வாங்க."

ஆய்வகத்தில் ராதிகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்பதற்கு முன்பே தொடங்கினாள்.

"பாத்ததைச் சொன்னேன். அந்தப் பொண்ணு உள்ள போனா, பையோட வந்தா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆளாளுக்கு என்னைய இழுக்காதீங்க."

"உங்களை யாரும் இழுக்கலைங்க" என்ற இளஞ்செழியன், மூலையிலிருந்த குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார். இரண்டு துண்டாக உடைந்த வெள்ளைப் பீங்கான் குழவி ஒன்று கிடந்தது. "இது?"

"மருந்து அரைக்கிற கல்வம் இருக்குதில்ல, அதோட குழவி. புதன்கிழமை காலைல எடுத்துக் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. யார் உடைச்சதுன்னு கேட்டா ஆளுக்கொரு திக்கைப் பாக்கறாங்க. கணக்குக் கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

அலமாரிக்குப் பதிவாளரின் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே இருந்த மூன்றும் தெரிந்தன. கறுத்த சாறு இருந்த குப்பி. மீதமான கடுக்காய்ப் பொடி இருந்த பிளாஸ்டிக் டப்பா. தமிழ்மொழியின் அன்னபேதி பாட்டில்.

"துப்பறியறவங்க வந்திருக்கீங்களாமே! இங்க இன்னா கொலையா நடந்துடுச்சு?"

சிவசங்கர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் அறிவுச்செல்வன், இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு. பேராசிரியர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சங்கு மாதிரி வெளுத்த நகங்கள்.

"பாருங்க, எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபமே கிடையாது. மலையில இருந்து வந்த பிள்ளை, தூக்கி விடலாமேன்னு பாத்தேன். இப்படிப் பண்ணிடுச்சு. துறையோட மானமே போச்சு."

டயானா வாயைத் திறந்தாள். இளஞ்செழியன் அவள் பக்கம் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சாறு தயாரிச்சது யாருங்க, சார்?"

"நான்தான். வேற யாரு? மூணு வருஷமா பொடி பண்றது, ஊறவைக்கறது, வடிகட்டறது எல்லாம் என் கையாலதான். யாரையும் தொடவிடமாட்டேன்."

"பூட்டும்போது எப்படி இருந்துச்சு?"

"தேன் மாதிரி. பொன்னிறம்."

"அந்தப் பொடி டப்பாவுலயும் கைவெச்சிருப்பாங்களா?"

"அதை ஒட்டி மூடியிருந்தேன். ஒட்டினது ஒட்டினபடியே இருந்துச்சு. முத்திரை வைக்கும்போது பதிவாளரே பாத்தாரு. பொடி சுத்தம். குப்பியில மட்டும்தான் கலந்திருக்கா."

"நாளைக்கும் இதையே சொல்வீங்களா?"

"சத்தியம் பண்ணிச் சொல்வேன்!"

வெளியே வந்ததும் டயானா வெடித்தாள். "தூக்கி விடலாம்னு பாத்தாராமே! தூக்கித்தான் விட்டிருக்காரு, அவளோட வேலையை! சார், அந்த ஆளு நகத்தைப் பாத்தீங்களா? பியூட்டி பார்லர் போற நகம்."

"பாத்தேன்."

"அந்த ஒல்லி சார் வாயே திறக்கல."

"கையையும்தான் வெளிய எடுக்கல."

வளாகத்தின் வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை இருந்தது. மாஸ்டர் ராசு இஞ்சித் துண்டுகளைச் சிமென்ட் மேடையில் வைத்து, பித்தளை டம்ளரின் அடியால் நசுக்கிக்கொண்டிருந்தார். நசுங்கியதைவிடச் சிதறியதுதான் அதிகம்.

"என்னண்ணே, இடிக்கறதுக்கு உரல் இல்லையா?" என்றாள் டயானா.

"ஏம்மா, நீ வேற! அதோ கெடக்குது பாரு." மூலையில் கவிழ்ந்து கிடந்த சின்ன இரும்பு உரலைக் காலால் காட்டினார். "இருபது வருசமா இஞ்சி இடிச்ச உரலு. எவனோ ஒருத்தன் சாயங்காலம் தூக்கினு பூட்டான். காலைல பாத்தா பழைய எடத்துலயே கெடக்குது. இன்னாத்த இடிச்சானோ, உள்ள பூரா கறுப்பு. தேச்சுத் தேச்சுக் கை வலிக்குது, போவ மாட்டேங்குது. அதுல இஞ்சி இடிச்சா டீ நாக்கைப் புடிச்சி இழுக்குது. 'மாஸ்டர், இது டீயா கசாயமா'ன்னு பசங்க கேக்கறானுங்க."

"இது எந்த நாளு?" என்றார் இளஞ்செழியன்.

"பெரிய மனுசங்க கார்ல வந்துட்டு, வந்த வேகத்துல போனாங்களே, அதுக்கு மொத நாளு."

இளஞ்செழியன் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"நாளைக்கு ஒரு மதியத்துக்கு அந்த உரலைக் கடன் குடுப்பீங்களா?"

"எடுத்துனு போங்க சார். திருப்பித் தராட்டியும் பரவாயில்ல!"

மறுநாள் விசாரணை அறையில் பெரிய முட்டைவடிவ மேசையின் தலைமாட்டில் பதிவாளர் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். நல்லவர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நல்லவர், ஆனால் சண்டை என்றால் ஒதுங்கிக்கொள்வார். வலப்பக்கம் சிவசங்கரும் அறிவுச்செல்வனும். இடப்பக்கம் தமிழ்மொழியும் டயானாவும். அலமாரியிலிருந்து எடுத்துத் தனித்தனியே முத்திரை வைத்த மூன்று பொருட்களும் நடுவில். கதவோரம் ராதிகா.

சிவசங்கர் முந்தைய நாள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னார். தன் கையால் இடித்த பொடி. ஒட்டிய டப்பா. பொன்னிறச் சாறு. மூன்று வருட உழைப்பு. உழைப்பு என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. டயானா மேசைக்கு அடியில் கையைப் பிசைந்துகொண்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று இளஞ்செழியனைக் கேட்டார் பதிவாளர்.

"பேராசிரியர் சொன்னதுல பாதியை ஒத்துக்கறேங்க" என்று எழுந்தார் இளஞ்செழியன். "சாறு கறுத்ததுக்குக் காரணம் இரும்பு. அதுல சந்தேகமே இல்ல."

சிவசங்கர் தலையாட்டினார். தமிழ்மொழி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த இரும்பு எங்கேயிருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வி. ராதிகாம்மா, காய்ச்சி வடிச்ச தண்ணியைச் சுடவெச்சுக் கொண்டுவரச் சொன்னேனே."

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ராதிகா வெந்நீர் ஊற்றினாள். பதிவாளர் கையாலேயே முத்திரையை உடைக்கச் சொல்லி, துறையின் டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடியை முதல் குவளையில் போட்டார். தன் பையிலிருந்த எவர்சில்வர் டப்பாவிலிருந்து ஒரு கரண்டியை இரண்டாவதில் போட்டார்.

"ஒண்ணு பேராசிரியர் செஞ்ச பொடி. இன்னொண்ணு தமிழ்மொழி செஞ்சது. இது ஊறட்டும், வெந்நீர்னா சீக்கிரம் தெரியும். அதுக்குள்ள ஒரு விளையாட்டு காட்டறேன்."

ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். துறையின் பொடியில் ஒரு சிட்டிகை அதன்மேல் தூவினார். சட்டைப் பையிலிருந்து, பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை எடுத்துத் தாளுக்கு அடியில் வைத்து மெல்ல நகர்த்தினார்.

தாள்மேல் மஞ்சள் பொடி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குள்ளிருந்து கறுப்பாகச் சின்னச் சின்னத் துகள்கள் எழுந்து நின்று, காந்தம் போன பக்கமெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இப்ப இன்னொரு தாள்." தமிழ்மொழியின் பொடியைத் தூவி அதேபோல் காந்தத்தை ஓட்டினார். ஒன்றும் அசையவில்லை.

"அன்னபேதி உப்பு காந்தத்துக்கு இப்படி ஓடி வராதுங்க. இது உப்பு இல்ல, இரும்பு. இரும்பாவே இருக்கற இரும்பு. அதுவும் குப்பிக்குள்ள இல்ல, யாரும் தொடாத டப்பாவுக்குள்ள. ஒட்டினது ஒட்டினபடியே இருந்துச்சுன்னு பேராசிரியரே சத்தியம் பண்ணாரு. அப்போ டப்பாவை ஒட்டறதுக்கு முன்னாலேயே இரும்பு உள்ள இருந்திருக்கு. பொடி இடிச்சப்பவே."

காலடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, ராசுவின் உரலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உள்சுவர் முழுக்க மையைப் பூசினாற்போல் நீலங்கலந்த கறுப்பு.

"கடுக்காய் லேசுல உடையாது. முதல்ல பீங்கான் கல்வத்துல இடிச்சிருக்காங்க. குழவி ரெண்டாப் போச்சு. குப்பைக்கூடையில கெடக்கு. புதன்கிழமை காலைல அது முழுசா இருந்ததுன்னு ராதிகாம்மா சொல்றாங்க. அப்புறம் என்ன பண்றது? டீக்கடையில இருந்து இரும்பு உரலைச் சொல்லாம எடுத்துனு வந்தாங்க. இரும்புக்குள்ள போட்டுக் கடுக்காயை இடிச்சா, உரல் தேய்ஞ்சு இரும்பும் துருவும் பொடியோட சேர்ந்து வரும். காஞ்ச பொடியா இருக்கறவரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணி ஊத்தினதும் முதல்ல தேன் மாதிரிதான் இருக்கும். பேராசிரியர் அந்த விஷயத்துல பொய் சொல்லல. பூட்டின அலமாரிக்குள்ள அது மெதுவா, தானா, கறுத்துச்சு. யாரும் எதையும் கொட்டல."

"தற்செயலா நடந்த பிழை! சரி, ஒத்துக்கறேன்" என்றார் சிவசங்கர் வேகமாக. "அந்தப் பொண்ணு மேல குற்றம் இல்லைன்னு எழுதிக்கங்க. முடிஞ்சுது."

"முடியலைங்க சார்" என்றார் இளஞ்செழியன். குரல் உயரவில்லை. "தமிழ்மொழி, கடுக்காயை எதுல உடைப்பீங்க?"

"கல்லுல சார்" என்றாள் அவள். சொல்லும்போதே அவள் கண்கள் விரிந்தன. "பாறையில வெச்சு, கூழாங்கல்லால. எங்க மலையில யாரும் இரும்புகிட்டயே கொண்டுபோக மாட்டாங்க. கத்தி பட்டாக்கூடக் கறுத்துடும்."

"அதை ஏன் செய்முறையில எழுதல?"

"அது... அதை எழுதணும்னே தோணல சார். சோறு ஆக்கறதை எழுதும்போது அரிசியைத் தண்ணில கழுவணும்னா, எந்தத் தண்ணின்னு யாராவது எழுதுவாங்களா?"

டயானாவின் மனக்கண்ணில் முந்தைய நாள் காலை வந்து நின்றது. பந்தைப் பிடித்தாற்போல் வளைந்த விரல்கள். அது பந்து அல்ல. கல். உலக்கையைப் பிடிக்கிற கை அப்படி வளையாது. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், பிடிபடவில்லை.

"இந்தத் தாளைக் கண்டுபிடிச்சவங்களுக்கு, இரும்பு பட்டா கடுக்காய் கறுக்கும்ங்கறது அரிச்சுவடி" என்று தொடர்ந்தார் இளஞ்செழியன். "அந்தத் தாளோட வேலையே அதுதான். மூணு வருஷம் தன் கையால பொடி செஞ்ச ஒருத்தர் ஒருநாளும் அதை இரும்பு உரல்ல போடமாட்டாரு. எழுதினதை மட்டும் படிச்சிட்டு, வாழ்க்கையில முதல் தடவையா செஞ்சு பாக்கறவங்கதான் போடுவாங்க. எழுதினதுல உடைக்கச் சொல்லியிருக்கு, எதுலன்னு சொல்லல. இப்ப பேராசிரியர் ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். அந்தப் பொடியை இடிச்சது நீங்களா? ஆமாம்னா, அதுக்கு முன்னால நீங்க இதைச் செஞ்சதே இல்ல. இல்லைன்னா, என் கையாலதான்னு இந்த மேசையில இப்ப சொன்னது பொய்."

சிவசங்கரின் நெற்றியில் வேர்வை பூத்தது. பதிவாளரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் திரும்பிக் கத்தினார்.

"அறிவு! இடிச்சது நீதானேய்யா! இரும்பு உரல்ல போடச் சொன்னேனா நான்? இதுகூடத் தெரியாம நீயெல்லாம்..."

பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அறிவுச்செல்வன் பையிலிருந்து கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்து நகங்களின் ஓரத்திலும் கறுப்புக் கோடு.

"தெரியாதுதான் சார்" என்றார். "உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளை வெளிய நிக்கவெச்சுட்டோம். அன்னிக்கே கேட்டேன், தமிழ்மொழியைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லலாமான்னு. 'அவ வந்து செஞ்சா அவதான் செஞ்சான்னு ஆயிடும்'னீங்க."

டயானா தற்செயலாகக் குவளைகளைப் பார்த்தாள். இரண்டாவது குவளையில் நீர் தேன் நிறத்தில் தெளிந்திருந்தது. முதலாவதின் அடியிலிருந்து சாம்பல் நிறம் புகைபோல எழுந்து, பாதிக் குவளைக்குமேல் கறுத்துவிட்டிருந்தது. ராதிகாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, சரி. மாணவி மேல எந்தக் குற்றமும் இல்ல. பதிவு அப்படியே இருக்கும். மத்தது... பாருங்க, இது நம்ம குடும்ப விஷயம். வெளிய போனா பல்கலைக்கழகத்துக்குத்தான் அசிங்கம். தமிழ்மொழி பேரையும் மூணாவதாச் சேத்துடலாம். எல்லாரும் சமாதானமா..."

"மூணாவதா?" டயானா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "திருடினவங்களுக்கு முதல் ரெண்டு இடம், பறிகொடுத்தவளுக்கு மூணாவது இடமா சார்? எந்தக் குடும்பத்துல இப்படி நடக்குது? அவளைக் கத்தரிச்சுட்டு முழங்கையைப் பலகையில மாட்டி வெச்சீங்களே, அப்ப அவ குடும்பம் இல்லையா?"

"அக்கா, உக்காருங்க" என்றாள் தமிழ்மொழி. அவளே எழுந்தாள். பதிவாளரை நேராகப் பார்த்தாள்.

"சமாதானம் வேணாம் சார். நடந்ததை விருதுக்குழுவுக்கு நீங்களே எழுதணும். எனக்கு வேற வழிகாட்டி வேணும். அந்தத் தாள் என்னோடது. என் பேரு மட்டும்தான் இருக்கணும். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் இந்த உரலைத் தூக்கினு நேரா நானே அவங்க ஆபீசுக்குப் போவேன்."

பதிவாளர் உரலைப் பார்த்தார். தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் கையெழுத்துப் போட்டுத் தரேன் சார்" என்றார் அறிவுச்செல்வன், யாரையும் பார்க்காமல். "என்ன நடந்துச்சோ அதை."

சிவசங்கர் வெளியேறினார். கதவருகே நின்ற ராதிகா அவருக்கு வழிவிட்டு நகரவில்லை. சுற்றிக்கொண்டுதான் போனார்.

கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்தாகும்வரை டயானா இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு நகலையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கீழே வந்தபோது ராதிகா செய்திப் பலகையின் கண்ணாடியைத் திறந்து, நடுவிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தமிழ்மொழியைப் பார்த்ததும் கை தயங்கியது.

"நான் பாத்ததைத்தான் சொன்னேன் பாப்பா. நீ கொட்டினதைப் பாத்தேனான்னு யாரும் என்கிட்ட கேக்கல. நானும் சொல்லல. என் மேல வருத்தமா?"

"வருத்தம்தான்க்கா" என்றாள் தமிழ்மொழி. "அந்தப் படத்தைக் குடுங்க."

வாங்கி, ஓரத்தை மடித்துக் கிழித்தாள். பேராசிரியர்கள் இருந்த பெரிய துண்டை ராதிகாவிடமே திருப்பிக் கொடுத்தாள். பச்சை வளையலோடு இருந்த முழங்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் ராசு தன் உரலைத் திரும்ப வாங்கவே மறுத்துவிட்டார். எங்கிருந்தோ ஒரு சின்னக் கருங்கல் உரல் பிடித்து வந்திருந்தார். இஞ்சி இடிபடும் சத்தம் மொத்தென்று கேட்டது. டீ வந்தது. நாக்கை இழுக்கவில்லை.

"செய்முறையில அந்த ஒரு வரி இல்லாததாலதான் தப்பிச்சீங்க" என்றார் இளஞ்செழியன். "இனிமே எழுதும்போது சேத்துடுவீங்களா? கல்லுல உடைக்கணும்னு?"

தமிழ்மொழி டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"மொதல்ல மேல என் பேரு வரட்டும் சார். அப்புறம் சேக்கறேன்."